இரவு பதினொன்று, மிஷ்கோல்ட்ஸில் நான்கு

பாடாங் செராயில் ரப்பர் ஆலை
மூச்சு விடும் நேரம்.
புளித்த பாலின் வீச்சம்
ஜன்னல் வலையில் வந்து அப்பிக்கொள்கிறது.
ஊருக்கு இது பழகிவிட்டது.
எனக்குத்தான் இந்த வேலையில் சேர்ந்த பிறகு
ஒரு நிம்மதி:
வாடை திரையில் போகாது.

முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி.
கம்பெனி கொடுத்த படம்.
அதற்கும் பின்னால் மடிக்காத துணி,
அரிசி வாளி,
அம்மாவின் நைட் ஷிப்ட் சட்டை.
தலையைச் சட்டென்று ஆட்டினால்
காதோரம் வாளி எட்டிப் பார்க்கும்.
ஆட்டாமல் சொல்லித் தருகிறேன்.

ஒப்பந்தத்தில் மூன்றாவது விதி:
'லா' போடக் கூடாது.
மணிக்கு இருபத்திரண்டு ரிங்கிட்,
ஐந்து நட்சத்திரம் விழுந்தால் ஒன்று கூடும்.
கூலிம் நேர்காணலில் ஒருத்தி
என் ஆங்கிலத்தை எஸ்டேட் ஆங்கிலம் என்று
சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள்.
அதைத்தான் இப்போது
ஹங்கேரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.
ஜோம்போர், வயது பதினைந்து,
"ஐ டூ ஹோம்வொர்க் ஆல்ரெடி" என்கிறான்.
அந்த ஆல்ரெடி என்னுடையது.
பள்ளியில் சிவப்பு மை வாங்கியதாம்.

அவன் மொழியில் அவனுக்கும் அவளுக்கும்
ஒரே எழுத்து.
உதட்டைக் குவித்தால் முடிந்தது.
மலாயில் டியா என்று நாங்களும்
அப்படித்தான் பள்ளிக்கூடம் முழுக்கக் கடந்தோம்.
வீட்டுக்கு வந்தால் தமிழ்
வாசலிலேயே கணக்குக் கேட்கும்:
அவனா, அவளா, அவரா, அதுவா?
ஜோம்போர் தன் அம்மாவை 'ஹீ' என்பான்.
வாரம் மூன்று முறை திருத்துவேன்.
வாரம் மூன்று முறை
அவன் அம்மா மீசையோடு வந்து நிற்பாள்.

இன்று ஏழாம் பாடம்.
படத்தில் ஒரு விமானம், இரண்டு பெட்டிகள்.
போனவர் இன்னும் அங்கே இருந்தால்
ஹேஸ் கான்.
போய்த் திரும்பிவிட்டால்
ஹேஸ் பீன்.
சொந்தமாக ஒரு வாக்கியம் சொல், ஜோம்போர்.

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
அவனுடையதா என்னுடையதா தெரியவில்லை.
அங்கே பனியாம், அப்போ என்னுடையதுதான்.

அம்மா வியன்னாவில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறாள்.
இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே,
அப்படித்தான் பேச்சு.
கடைசியாக வந்தது ஆகஸ்டில்.
பணம் வருகிறது.
"ஷீ," என்றான், நிறுத்தினான்,
"ஷீ ஹேஸ்... மிஸ், எது?"

முதல் முறையாக 'ஷீ' சரி.
பாராட்ட வேண்டும். விதி ஐந்து.
வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் யாரும்
போகிறேன் என்று சொல்வதில்லை.
அம்மா பஸ் ஏறும்போதும் போயிட்டு வரேன்,
கடைக்கு முட்டை வாங்கப் போகும்போதும்
போயிட்டு வரேன்.
ஒன்பது வருஷத்துக்கு முன்
சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குக் கிளம்பிய அப்பாவும்
தப்பில்லாமல் அதையேதான் சொன்னார்.
போயிட்டு என்பது அன்றைக்கே முடிந்தது.
வரேன் மட்டும்
ஜொகூர் பாலத்தில் இன்னும்
வரிசையில் நிற்கிறது.

திரையோரம் கடிகாரம்.
நாலு நிமிஷம் மிச்சம்.
பையன் மூக்கைச் சட்டைக் கையில் துடைக்கிறான்.
பாடநூலில் விடை உண்டு,
பக்கம் நூற்றுப் பன்னிரண்டு,
தலைகீழாக அச்சிட்டிருக்கிறார்கள்.

"போத் ஆல்சோ கேன், லா,"
என்றேன்.

பதிவில் சிக்கியிருக்கும்.
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும்.

அவன் பேனாவைத் தேடி எடுத்து,
"லா, மிஸ்... ஸ்பெல்லிங்?" என்றான்.
நான் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டேன்.
அலமாரி கலைந்தது.
"மிஸ், அது என்ன வாளி?"